பத்து நிமிடம் ஓடி நின்ற எஞ்சின்

உசிலம்பட்டியைக் கடந்து எழுமலைக்குச் செல்லும் சாலையில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலை வேளையில், என் கார் நான்காவது முறையாக நின்றது. எஞ்சின் இருமவில்லை, குலுங்கவும் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிடும் முதியவரைப் போல, ஓசை மெல்லத் தாழ்ந்து அடங்கியது.

பின்னிருக்கையில் ஏழு சீர்த்தட்டுகள். மாதுளை, கற்கண்டு, வெற்றிலைக் கட்டு, பட்டுப்புடவை. அவற்றுக்கு நடுவே என் மனைவி பார்வதி, பித்தளைக் குத்துவிளக்கை மடியில் கிடத்திக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தாள். மல்லிகை மணமும் பெட்ரோல் வாடையும் கலந்து காருக்குள் தலைவலியைக் கிளப்பின.

எழுமலையில் என் தங்கை பேச்சியம்மாள் புது வீடு கட்டியிருந்தாள். அன்று பால் காய்ச்சும் நாள். பிறந்த வீட்டுச் சீர் வந்து இறங்கிய பிறகே அடுப்பு மூட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல நேரம் முடிய இன்னும் முக்கால் மணி நேரமே இருந்தது.

தங்கையின் மகன் செல்வம் எங்களைத் தேடிக்கொண்டு இருசக்கர வண்டியில் வந்து சேர்ந்தான்.

“என்ன மாமா, மறுபடியுமா?”

“கொஞ்ச நேரம் பொறுத்தா கிளம்பிரும்.”

“அங்க அம்மா பால்சட்டியக் கையில வச்சுக்கிட்டு நிக்குது. அண்ணன் வராம அடுப்பப் பத்த வைக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். வேற வண்டி வரச் சொல்லவா?”

“நான் இந்தக் கார்லதான் வருவேன்.”

செல்வம் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு பக்கத்து வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நண்பனை நோக்கிக் குரல் கொடுத்தான்.

“மாப்ள, கயிறு இருக்கா?”

“இருக்கு. யாருக்கு?”

“எங்க மாமாவுக்கு. கார இழுக்கணும். மெதுவா இழு, உள்ள குத்துவிளக்கு இருக்கு.”

“விளக்கு கெடக்கட்டும் மாப்ள, வாத்தியாரு இருக்காரு. அவர மொதல்ல கெட்டியாப் பிடிச்சுக்கிறச் சொல்லு.”

இவ்வாறாக, முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த நான், டிராக்டர் இழுத்து வந்த காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நல்ல நேரம் முடியுமுன்னே எழுமலைக் கடைத்தெருவைக் கடந்தேன். மதியத்திற்குள் அக்காட்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கோணங்களில் வந்திருந்தது.

நான் எழுதிய நான்கு வரிகள்

இத்தொடரின் வாசகர்கள் இந்நிகழ்ச்சியின் ஒரு பாதியை அறிவார்கள். மூன்று வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். டிராக்டரைப் பற்றி எழுதவில்லை. மாறாக, என் காரின் எஞ்சினைப் புதுப்பித்துத் தந்தவரைப் பற்றி நான்கு வரிகள் எழுதினேன். இக்காலத்து மெக்கானிக்குகளுக்குக் கழற்றத் தெரியும், பூட்டத் தெரியும், எஞ்சின் என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரியாது என்பது அவற்றின் சாரம். பெயரைக் குறிப்பிடவில்லை. “தெற்குவாசல் பக்கத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டறை வைத்திருப்பவர்” என்று மட்டும் எழுதினேன். அப்படி ஒருவர்தான் இருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். என் நண்பர்களுக்கும் தெரியும்.

அந்த நான்கு வரிகளும் தவறு. அவற்றால் ஒருவருடைய தொழிலின் நற்பெயர் கெட்டது. அதை நேர்செய்யவே, இந்த வாரத்துக்கென எழுதி வைத்திருந்த வேறொரு அத்தியாயத்தை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

தெற்குவாசல் பட்டறை

அவர் பெயர் மைதீன். ஐம்பதைக் கடந்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய டார்ச் விளக்கு இருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்க மாட்டார், வண்டியைத்தான் பார்ப்பார். அவருடைய தந்தையிடம்தான் என் காரை முதன்முதலில் விட்டேன். கார்புரேட்டர் வைத்த பழைய கார் அது. அதை விற்றுவிடச் சொன்னவர்கள் பலர். மைதீன் ஒருவர்தான், “விக்காதீங்க சார், பாடி இரும்பு மாதிரி இருக்கு, எஞ்சினத்தான் பிரிக்கணும்” என்றார்.

பிரித்தார். சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டன்களும் ரிங்குகளும் பேரிங்குகளும் பொருத்தி, இரண்டு மாதங்களில் எஞ்சினை மறுபிறவி எடுக்க வைத்தார். சாவியைத் திருப்பிய முதல் நாள் அது எழுப்பிய ஓசையை, எண்ணெய் தடவிய தையல் இயந்திரத்தின் ஓசை என்று பார்வதி சொன்னாள். அது மிகையன்று.

ஒரு வாரத்தில் தொல்லை தொடங்கியது. கார் எளிதாகக் கிளம்பும். பத்து நிமிடம் ஓடும்; சில நாட்களில் கால் மணி நேரம். பிறகு அடங்கிவிடும். இருபது நிமிடம் காத்திருந்தால், எதுவும் நடவாதது போல மீண்டும் கிளம்பும். கோரிப்பாளையம் பாலத்தின் மேல் ஒருமுறை நின்றபோது, எனக்குப் பின்னால் அணிவகுத்த பேருந்துகளின் ஹாரன் ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

மைதீன் பிளக்குகளை மாற்றினார். பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில் என்ற சுருள் சூடேறுகிறதோ என்று அதையும் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு முறையும், “இப்பப் போய்ப் பாருங்க சார்” என்றார். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம்.

அந்த நிலையில்தான் சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு எழுமலைக்குப் புறப்பட்டேன். வேறு வண்டியில் போகலாம் என்று பார்வதி சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஏன் அந்தக் கார்

இதை விளக்க வேண்டும். விளக்காவிட்டால் வெறும் வீம்பு என்று தோன்றும்.

எங்கள் பெற்றோர் எழுமலையைச் சுற்றியிருந்த பிறருடைய வயல்களில் கூலிக்கு உழைத்தவர்கள். எங்களுக்கென்று ஒரு சாண் நிலமும் இருந்ததில்லை. பேச்சியம்மாளின் திருமணத்தின்போது எங்கள் வீட்டுச் சீர் ஒற்றைப் பித்தளைக் குடம். அதை என் அம்மா தலையில் வைத்துக்கொண்டு, கடைத்தெரு வழியாகப் போகாமல் வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி எடுத்துச் சென்றார். தெருவில் போனால் யாராவது, “இம்புட்டுத்தானா?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பின்னால், ஒரு கையில் வாழைத்தாரோடு நடந்தேன்.

பிறகு பட்டம், வேலை, தல்லாகுளத்தில் வீடு, கார். எங்கள் வகையறாவில் கார் வாங்கிய முதல் ஆள் நான். எனவே அந்தப் புது வீட்டுச் சீர் அதே காரில், கடைத்தெரு வழியாக, என் கையால் ஓட்டிச் செல்லப்பட வேண்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் சென்றது, முன்னால் ஒரு டிராக்டரோடு.

எங்களைப் போன்ற வீட்டிலிருந்து வந்து கல்லூரி மேடையில் ஏறியவன் ஒரு தவறு செய்தால், அதைத் தவறு என்று யாரும் சொல்வதில்லை. “இவங்க இப்படித்தான்” என்பார்கள். ஆகையால் நான் தவறு செய்யாமலிருக்கப் பழகினேன். செய்தபோது அதை வேறொருவர் பக்கம் தள்ளிவிடவும் பழகிக்கொண்டேன் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

மூடியைப் பற்றி ஒரு யோசனை

எழுமலையிலிருந்து காரை மைதீனே வந்து எடுத்துச் சென்றார். நான்கு நாட்கள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். பார்வதியும் உடன் வந்தாள். காரின் முன்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. அதிலிருந்து ஒரு குழாய் நேரே கார்புரேட்டருக்குப் போயிற்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு மணி நேரமா ஓடுது சார். நிக்கல. பாட்டில் பெட்ரோல்ல நல்லா ஓடுது. டேங்க் பெட்ரோல்ல ஓட மாட்டேங்குது. அப்ப எஞ்சின்ல கோளாறு இல்ல.”

“டேங்க்கைக் கழுவினீங்களா?”

“கழுவியாச்சு. குழாய ஊதியாச்சு. பம்பும் பிரிச்சுப் பாத்தாச்சு.” அவர் கையைத் துணியில் துடைத்தபடி காரின் பின்புறத்தைப் பார்த்தார். “சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. டேங்க் மூடிய நீங்களே ஒரு தடவ வீட்ல வச்சுக் கழுவிட்டு வாங்களேன்.”

பட்டறையில் வேறு இரண்டு பேர் தங்கள் வண்டிகளுக்காகக் காத்திருந்தனர். அவர்களில் ஒருவர் எழுமலைக் காணொளியைப் பார்த்திருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது.

“மைதீன், வேலைய முடிக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. மூடியக் கழுவச் சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்க. மூடியக் கழுவினா எஞ்சின் ஓடும்னு நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்லை.”

காத்திருந்த இருவரும் சிரித்தார்கள். மைதீன் சிரிக்கவில்லை. பாட்டிலைக் கழற்றி, குழாயை உரிய இடத்தில் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். அன்று மாலையே அந்த நான்கு வரிகளை எழுதினேன்.

இதழ் வெளியான வாரம், காலை நடை முடிந்து நாங்கள் கூடும் தல்லாகுளத்துக் காபிக்கடையில், நீதிமன்றத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் நண்பர் வேலுச்சாமி காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

“பேர் போடாட்டியும் ஆளு தெரிஞ்சு போச்சுண்ணே. நான் என் வண்டிய அங்கருந்து எடுத்துட்டேன். நம்ம டாக்டர் வீட்டு வண்டியையும் எடுக்கப் போறாங்களாம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த வாக்கியம் காபியைவிட இனிப்பாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

அலங்காநல்லூர்ச் சாலையில்

அதற்கடுத்த வாரம், என் பழைய மாணவர் ஒருவர் அலங்காநல்லூர்ப் பக்கத்திலுள்ள தம் தோட்டத்துக்கு அழைத்திருந்தார். நானும் பார்வதியும் அதே காரில் புறப்பட்டோம். ஒரு கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில், எதிர்பார்த்தபடியே, எஞ்சின் அடங்கியது.

பெட்ரோல் அளவைக் காட்டும் முள் பல ஆண்டுகளாகவே நம்பத்தக்கதன்று. எதற்கும் பார்த்துவிடலாம் என்று இறங்கி, வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் குச்சி ஒன்று கேட்டேன்.

“குச்சி எதுக்குய்யா?”

“பெட்ரோல் இருக்கான்னு விட்டுப் பாக்கணும்.”

“இம்புட்டுப் பெரிய கார்ல அதப் பாக்க ஒரு முள்ளு வைக்கலையா?”

“வச்சிருக்காங்கம்மா. அது வேலை செய்யலை.”

“அப்பச் சரி” என்று ஒரு நீளமான குச்சியை ஒடித்துத் தந்தார்.

அந்தக் காரின் மூடியை நான் திறப்பது அரிது. பெட்ரோல் பங்க்கில் பணியாளர் திறப்பார். பட்டறையில் மைதீன் திறப்பார். அன்று நானே திருகினேன். அது எளிதில் அசையவில்லை. சற்று அழுத்தித் திருகியதும் உஸ்ஸென்று ஓர் ஓசை எழுந்தது. மூன்று விநாடிகளாவது நீடித்திருக்கும். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. என் விரல்களைத் தொட்டுக்கொண்டு போயிற்று.

அந்தப் பெண் இரண்டடி பின்வாங்கினார். “யாத்தி, பாம்பா?”

“இல்லம்மா, காத்து.”

“மூச்சு முட்டிக் கெடந்திருக்கு போல, பாவம்” என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் புல்லறுக்கக் குனிந்தார்.

நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் நடுவில், சரியான மையத்தில், காய்ந்து இறுகிய சந்தனப் பொட்டு ஒன்று இருந்தது. அதன் மேல் குங்குமம்.

அதை வைத்தவன் நான். எஞ்சின் புதுப்பிக்கப்பட்டு வீடு வந்த முதல் வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் காரை நிறுத்திப் பூசை போட்டோம். சடங்குகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் ஒன்றைச் செய்தால் செம்மையாகச் செய்ய வேண்டும் என்ற கொள்கை உண்டு. சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்து, ஸ்டியரிங்கில் ஒன்று, முகப்பில் மூன்று, பெட்ரோல் மூடியில் ஒன்று என்று நானே பொட்டு வைத்தேன். பிறகு ஒவ்வொரு வெள்ளியும், பழைய பொட்டின் மேலேயே புதியதை வைத்துவந்தேன்.

குச்சியின் முனையால் அதைச் சுரண்டினேன். சந்தனம் பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. அடியில், குண்டூசியின் தலையளவே ஆன ஒரு துளை தெரிந்தது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சற்று வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளையிட்டால்தான் தடையின்றி ஒழுகும். வெளியேறிய எண்ணெயின் இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். இதைச் சமையலறையில் எல்லோரும் அறிவார்கள். என் காரின் டேங்க்குக்கு அந்த இரண்டாம் துளை, மூடியின் நடுவில் இருந்தது. அதைத்தான் நான் வாரந்தோறும் பக்தியோடு அடைத்துவந்தேன். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெறுமை கூடி, பம்பால் இழுக்க முடியாமல் எஞ்சின் அடங்கியது. நின்றபின், சந்தனத்தின் வெடிப்புகள் வழியே சிறிது சிறிதாகக் காற்று கசிந்து உள்ளே போனதும் மீண்டும் கிளம்பியது.

தண்ணீர் நிரம்பிய தம்ளரை அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்து, “தண்ணீரை யார் தாங்குகிறார்கள்?” என்று ஆண்டுதோறும் மாணவர்களைக் கேட்டவன் நான்.

துளையை ஊதினேன். கைக்குட்டையை நனைத்து மூடியைத் துடைத்தேன். “என்னங்க சத்தம் அது?” என்று காருக்குள்ளிருந்து பார்வதி கேட்டாள். “ஒண்ணுமில்லை” என்றேன்.

கார் அதன்பின் எங்கும் நிற்கவில்லை. மாணவரின் தோட்டத்துக்குப் போய், உண்டு, உரையாடி, திரும்பும் வழியில் பாதித் தொலைவு வந்த பிறகுதான் பார்வதி கேட்டாள்.

“மூடியில வச்ச பொட்டக் காணோம்?”

“விழுந்துருக்கும்.”

“அதுவா விழுந்துச்சா?”

நான் சாலையைப் பார்த்தேன்.

“மைதீன் அண்ணன் அன்னைக்கே சொன்னாருல்ல, மூடியக் கழுவிட்டு வாங்கன்னு. நான் அங்கதான உக்காந்திருந்தேன்.” அவளே தொடர்ந்தாள்: “இப்ப என்ன செய்யப் போறீங்க? ரெண்டு வாரம் கழிச்சு வண்டி தானாச் சரியாப் போச்சுன்னு எழுதுவீங்களா?”

உண்மையைச் சொல்வதென்றால், ஏறத்தாழ அதே வாக்கியத்தைத்தான் மனதுக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன்.

ராமுவின் காற்றழுத்தமானி

இடையில் ஒரு பழைய செய்தி. நான் விரிவுரையாளராகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், எங்கள் ஆய்வகத்தில் ராமு என்ற உதவியாளர் இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒருநாள் பாதரசக் குழாயைக் கவிழ்த்துக் காற்றழுத்தமானி அமைத்து, மாணவர்களுக்கு அளவைப் படித்துக் காட்டினேன். அளவு குறைவாக வந்தது. வானிலை காரணம் என்று விளக்கினேன்.

ராமு அருகில் வந்து தாழ்ந்த குரலில், “சார், குழாய் உச்சியில கொஞ்சம் காத்து தங்கிருச்சு போல” என்றார். மாணவர்களுக்கு எதிரில் அவரைக் கடிந்துகொண்டேன். மாலையில், எல்லோரும் போன பிறகு, குழாயை மீண்டும் நிரப்பிக் கவிழ்த்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. மறுநாள் அதைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது மேடையேறி அவருடைய உழைப்பைப் பாராட்டி நீண்ட நேரம் பேசினேன். இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இன்று சொல்வதற்கு அவர் உயிரோடு இல்லை.

அன்று அலங்காநல்லூரிலிருந்து தல்லாகுளம் வந்து சேர்ந்ததும், வீட்டுக்குத் திரும்பாமல் காரை நேரே தெற்குவாசலுக்கு ஓட்டினேன்.

துடைக்காத காரணம்

மைதீனின் பட்டறையில் வழக்கமாக நான்கு வண்டிகள் நிற்கும். அன்று ஒன்றுதான் நின்றது. அவர் ஒரு முக்காலியில் அமர்ந்து, கழற்றிய போல்ட்டுகளைப் பெட்ரோலில் ஊறவைத்துத் துலக்கிக்கொண்டிருந்தார். என் காரைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை, ஆனால் எழுந்தார்.

“நின்னுருச்சா சார்?”

“இல்லை. அலங்காநல்லூர் போயிட்டு வாரேன். எங்கயும் நிக்கலை.” நான் மூடியைத் திருகி எடுத்து அவர் கையில் வைத்தேன். “நீங்க சொன்னதுதான்.”

அவர் டார்ச் விளக்கை எடுத்து, துளையைப் பார்த்தார். பிறகு மூடியைத் திருப்பித் தந்தார்.

“உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும். மூடியத் தளத்தி வச்சு ரிங் ரோடு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். நிக்கல. இறுக்கி மூடினேன், நின்னுருச்சு. அப்புறம் என்ன தெரியணும்?”

“ஒரு ஈரத்துணியால நீங்களே துடைச்சிருக்கலாமே, மைதீன்.”

அவர் வழக்கத்துக்கு மாறாக என் முகத்தைப் பார்த்தார்.

“துடைக்கலாம் சார். சாமிக்கு வச்ச பொட்டு. வாரா வாரம் புதுசு வைக்கிறீங்க, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு பாய் அதத் தொடச்சு எறிஞ்சுட்டான்னு யாராவது ஒரு ஆளு வெளிய சொன்னா என்ன ஆகும்? நீங்க ஒண்ணும் நினைக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். பாக்குறவன் நினைப்பான்ல. எங்க அத்தா காலத்துலருந்து இங்க எல்லா வண்டியும் வருது. எலுமிச்சம்பழத்தோட வருது, மாலையோட வருது. ஒண்ணுலயும் நாங்க கை வச்சதில்ல. அதான் உங்களயே கழுவிட்டு வரச் சொன்னேன். தனியாக் கூப்பிட்டுச் சொல்லிருக்கணும். அது என் தப்பு.”

“அது உங்க தப்பு இல்லை.”

“நீங்க பேசினது தப்பு” என்றார், எளிமையாக. “அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கல. எனக்கும் ரோஷம் இருக்கும்ல சார்.”

பாக்குறவன் நினைப்பான். வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போன என் அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார். என் வாழ்நாள் முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்துக்கு அஞ்சியே அமைத்துக்கொண்ட நான், அதே அச்சத்தால் கையைக் கட்டிக்கொண்ட ஒருவரைத் திறமையற்றவர் என்று அச்சில் எழுதியிருக்கிறேன்.

“நான் எழுதுறேன்” என்றேன். “நடந்ததை நடந்தபடி. உங்ககிட்ட மன்னிப்பும் கேக்குறேன்.”

“மன்னிப்பெல்லாம் இப்ப வேணாம் சார். கோவம் இன்னும் பாக்கி இருக்கு. அது தானாப் போகும், இன்ஷா அல்லாஹ். பெரிய மனசுக்காரர்னு என்னப் பத்தி எழுதிராதீங்க, அது வேற கூச்சமா இருக்கும்.” அவர் சற்று யோசித்தார். “எழுதுறதா இருந்தா ஒண்ணு எழுதுங்க. தொடைக்கலாம்னு எழுதுங்க.”

“புரியலை.”

“பொட்டு எங்க அடைச்சாலும் மைதீன் தொடைக்கலாம்னு நீங்களே எழுதிக் கொடுங்க. பேரோட. வெட்டி இங்க சுவத்துல ஒட்டிக்கிறேன். அடுத்த வண்டி வரும்போது எனக்கு யோசிக்க வேண்டியதில்லல்ல. கடைசியில போடுங்க சார், வெட்டுறதுக்கு வாகா இருக்கும்.”

இப்போது

மறுநாள் காபிக்கடையில் நண்பர்களிடம் முழுவதையும் சொன்னேன். எழுதுவதைவிடச் சொல்வது கடினமாக இருந்தது. வேலுச்சாமி தம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நான் எடுத்துட்டு வந்த வண்டிய இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பக் கொண்டு போறது?”

“நானும் கூட வாரேன்.”

“உங்க மூஞ்சிய வச்சா? அது ஏற்கெனவே டிராக்டர்ல வந்த மூஞ்சிண்ணே” என்றார். அதன்பின் எல்லோருமே சிரித்தார்கள், நான் உட்பட. இருவருமாகப் போனோம். அவருடைய வண்டி இப்போது மைதீனின் பட்டறையில் நிற்கிறது. டாக்டர் வீட்டிலும் பேசியிருக்கிறேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிறன்று எழுமலைக்குப் போய்வந்தோம். உசிலம்பட்டியில் தேநீர் குடிக்க நானாக நிறுத்தியதைத் தவிரக் கார் நிற்கவில்லை. பேச்சியம்மாள் வாசலுக்கு வந்து தெருவின் இரு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, “எங்க அண்ணே டிராக்டரு?” என்று கேட்டாள்.

இனி, மைதீன் வெட்டி ஒட்டிக்கொள்வதற்காக, அவர் கேட்ட இடத்தில்:

என் கார் தெற்குவாசல் மைதீனின் பட்டறையில் நிற்கும்போது, அதில் நான் வைத்த பொட்டோ பூவோ வேலைக்குத் தடையாக இருந்தால், யாரையும் கேளாமல் அவர் தம் கையாலேயே துடைக்கலாம். அந்த எஞ்சினைக் குறையின்றிக் கட்டியவர் அவர். அதன் மூச்சை அடைத்தவன் நான்.